நாற்பது அடி நகர்ந்த ஆறு

நீ புறப்பட்டுப் போய் மூன்று நாளாகிறது. போனில் இதைச் சொல்லியிருக்கலாம். பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும், நீயும் 'விடும்மா' என்று சொல்லியிருப்பாய். ஆனால் நீ அதைச் சொன்னது அறுபது பேர் முன்னால். அதைத் திருத்துகிறவளும் நாலு பேர் பார்க்கிற இடத்தில்தான் திருத்த வேண்டும். அதனால் இந்தப் பத்திரிகையில் இடம் கேட்டேன். பெயர் போட வேண்டாம் என்று ஆசிரியர் சொன்னார், ஒப்புக்கொண்டேன். காஞ்சிபுரத்தில் இதைப் படிக்கிறவர்களுக்கு நான் யாரென்று பெயரில்லாமலே தெரியும்.

நீ என்ன சொன்னாய் என்பது உனக்கு நினைவிருக்கும். நீர்வளத் துறையில் உதவிப் பொறியாளர் வேலை கிடைத்ததற்காக உன் அப்பா வைத்த விருந்து அது. உன் நண்பர்களும் நம் சொந்தக்காரர்களும் நிறைந்திருந்த கூடத்தில் ஒருவர் உன்னைப் பேசச் சொன்னார். நீ என்னைக் காட்டி, "நான் இந்த வேலைக்கு வந்ததுக்கு எங்கம்மாதான் காரணம். ஒரு பழைய சர்வேயர் வேகவதியைத் தப்பா அளந்து இருபத்துமூணு வூடு இடிபட்டுச்சு. தனியாளா நின்னு அதைத் திருத்தினவங்க இவங்க" என்றாய். எல்லாரும் கைதட்டினார்கள். நான் சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன். பன்னிரண்டு வருடமாக இந்தக் கதைக்கு நான் இப்படித்தான் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த ஆற்றைத் தப்பாக அளந்தவள் நான்தான்.

இதை உனக்கு ஒழுங்காகச் சொல்கிறேன், ஏனென்றால் இதே மாதிரி ஒரு படம் கூடிய சீக்கிரம் உன் மேசைக்கு வரும். நீ ஆறாவது படித்துக்கொண்டிருந்தாய். சர்வேயர் வேலையில் எனக்கு முன்னால் இருந்தவர் ஓய்வு பெறும் மாதம் அது. ஆற்றுக்குள் கட்டியிருக்கிறவற்றை எடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்து, அவர்தான் அளக்க ஆரம்பித்தார். ஊர் எல்லையில், புதருக்குள் புதைந்து கிடந்த பழைய எல்லைக்கல்லைத் தேடிக் கண்டுபிடித்து, அங்கிருந்து சங்கிலி பிடித்து, பழைய வரைபடத்தில் ஆறு எங்கே இருக்கிறதோ அங்கே தரையில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். அவர் கணக்குப்படி வலது கரையில் இருந்த கல்யாண மண்டபத்தின் சமையற்கட்டும் சாப்பாட்டுக் கூடமும் ஆற்றுக்குள் இருந்தன. இடது கரையில் காலனிக்காரர்களின் இருபத்துமூன்று வீடுகளும், அவர்களுடைய கங்கையம்மன் கல்லும் ஆற்றுக்கு வெளியே இருந்தன. எல்லாவற்றையும் தன் அளவை நோட்டில் முத்து முத்தாக எழுதி, கோப்பின் முதல் தாளில் கையெழுத்துப் போட்டு, நோட்டை என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். படம் வரைந்து முடிப்பது மட்டும்தான் என் வேலை.

இரண்டு நாளில் படம் வேண்டும் என்றார்கள். நான் அந்த நோட்டைப் பார்த்துவிட்டு மேலதிகாரியிடம் போய், மண்டபம் உள்ளே வருகிறதே என்று சொன்னேன். அவர் அதட்டவில்லை, மிரட்டவில்லை. "அந்த மண்டபத்துப் பின்சுவத்தையே கரைன்னு வெச்சுக்கம்மா. அங்கிருந்து ஆத்தோட அகலத்தைப் போட்டுடு. சிக்கலில்லாம முடியும்" என்றார். அவ்வளவுதான். ஆற்றின் அகலத்தில் ஓர் அங்குலம்கூட நான் குறைக்கவில்லை. ஆற்றைத் தூக்கி இடது பக்கமாக நாற்பது அடி தள்ளி வைத்தேன். காகிதத்தில் அது பென்சிலை அழித்து மறுபடி போடுகிற வேலை, கால் மணி நேரம் ஆயிற்று.

எதற்காகச் செய்தேன் என்று நீ கேட்பாய். யாரும் எனக்கு எதுவும் கொடுக்கவில்லை. பயந்தேன் என்று சொன்னால் கௌரவமாக இருக்கும், ஆனால் அதுவும் முழு உண்மை இல்லை. அந்த மண்டபத்தில்தான் நம் சாதிக்காரர்கள் கல்யாணம் வைப்பார்கள். மாகறல் பக்கத்திலிருந்து உன் மாமாக்கள் வேனில் வந்து இறங்குகிற இடம் அது. படத்துக்காக வீடுகளை மட்டும் அளந்து குறிக்க எதிர்க்கரைக் காலனிக்குள் நான் போன அன்று, வெயிலில் நின்ற எனக்கு ஒரு பெண் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். பையில் பாட்டில் இருக்கிறது என்று சொன்னேன். பாட்டில் காலி. ஒரு பக்கம் நம் மனிதர்கள், இன்னொரு பக்கம் யாரோ. பென்சில் எந்தப் பக்கம் போகும் என்பது அந்தச் சொம்பை மறுத்தபோதே முடிவாகிவிட்டது. சாதி பார்க்காதவள் என்று உன்னிடம் பல தடவை என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். அந்த வார்த்தையை இப்போது வாபஸ் வாங்குகிறேன்.

இதில் எனக்கு இன்றும் கூச்சமாக இருப்பது இன்னொன்று. ஆறுகளைக் கும்பிட்டு வளர்ந்தவள் நான். மாகறலில் செய்யாறு, கல்யாணமாகி இங்கே வந்தபின் வேகவதி. ஆடிப்பெருக்குக்கு மஞ்சளும் பூவும் காதோலையும் எடுத்துக்கொண்டு உன்னையும் இழுத்துக்கொண்டு போவேன். மூன்று ஆறுகள் கூடுகிற திருமுக்கூடலில் உன் தலையில் தண்ணீர் தெளித்து, நல்ல புத்தி கொடு தாயே என்று வேண்டியிருக்கிறேன். ஆற்றிடம் எனக்கு எப்போதும் கேட்பதற்கு ஏதாவது இருந்தது. அதற்கு என்னிடம் கேட்க ஏதாவது இருக்கும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

ஆவணியில் வீடுகளை இடித்தார்கள். நான் போகவில்லை, விடுப்பு எடுத்துக்கொண்டேன். காலனிக்காரர்களை ஊருக்கு வெளியே அடுக்குமாடிக் குடியிருப்புக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கங்கையம்மன் கல்லை இயந்திரம் புரட்டிப் போட்டதாகவும், தண்ணீர் கொடுத்த அந்தப் பெண், அஞ்சலை, அதைப் பழைய புடவையில் கட்டி லாரியில் தன் மடியில் வைத்துக்கொண்டு போனதாகவும் பிற்பாடு கேள்விப்பட்டேன். அங்கே அவளுக்குக் கிடைத்தது மூன்றாவது மாடி. வைக்க வேறு இடமில்லாமல் ஆற்றங்கரை அம்மனை மாடிப்படித் திருப்பத்தில் உட்கார வைத்தாள்.

கார்த்திகையில் உன் பெரிய மாமா மகள் கல்யாணம் வந்தது. அந்த நாள் உனக்கு ஒரு திருவிழாவாக நினைவிருக்கிறது, நீயே பல தடவை சொல்லிச் சிரித்திருக்கிறாய். நான்கு நாள் விடாத மழை. காலையில் முகூர்த்தம் முடிந்து முதல் பந்தி உட்கார்ந்த நேரம், சமையற்கட்டின் பின்கதவு வழியாகத் தண்ணீர் வந்தது. சாயத் தண்ணீரும் சேறுமாகக் கலங்கி, சத்தமே இல்லாமல் வந்தது. சமையல்காரர் கிரைண்டர் மேல் ஏறி நின்றார். கீழே அடுக்கி வைத்திருந்த வாழை இலைகள் மிதந்தன, நீயும் உன் மாமா பிள்ளைகளும் அவற்றைத் துரத்திப் பிடித்தீர்கள். மணப்பெண் முகூர்த்தப் பட்டை முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு நாற்காலிமேல் நின்றாள். ஆறு ஊருக்குள் வந்துவிட்டது என்று எல்லாரும் கத்தினார்கள். நான் தண்ணீர் எதுவரை வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் சாப்பாட்டுக் கூடத்தைத் தாண்டி, மேடைக்குப் போகிற வாசற்படிக்கு ஒரு சாண் இப்பால் நின்றுவிட்டது. எனக்கு முன்னால் இருந்தவர் தன் நோட்டில் கரை என்று எழுதியிருந்தது அந்த வாசற்படியைத்தான். ஆறு ஊருக்குள் வரவில்லை. அது தன் இடத்துக்குள்தான் நின்றுகொண்டிருந்தது. நாம்தான் அதற்குள் பந்தி போட்டு உட்கார்ந்திருந்தோம்.

மழை விட்டு ஒரு வாரம் கழித்து நான் இடது கரைக்குப் போனேன். இடித்த வீடுகளின் செங்கல் குவியல்களுக்கு நடுவில் அஞ்சலை எதையோ தேடிக்கொண்டிருந்தாள். அவள் அம்மிக்கல்லாம். என்னைப் பார்த்ததும் கையைத் தட்டிவிட்டு, "வா" என்று ஆற்றுக்குள் இறங்கினாள். தண்ணீர் வடிந்து மணல் இன்னும் ஈரமாக இருந்தது. நான் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். நட்ட நடு ஆற்றில் நிறுத்தினாள்.

"கரையில நின்னுக்கினே அளந்தியே, ஒரு தபா ஆத்துல நின்னு பாத்தியாமா?" என்றாள்.

பார்த்தேன். இருபது வருடம் இந்த ஊரில் இருந்தும் அங்கிருந்து ஊரைப் பார்த்ததில்லை. கோபுரம் தெரிகிற அழகான ஊர் இது, தெருவில் நின்றால். ஆற்றில் நின்றால் ஊர் முழுவதும் உனக்கு முதுகைத்தான் காட்டுகிறது. கக்கூஸ் குழாய்கள், சாயம் வழிகிற வாய்க்கால், மண்டபத்து எச்சில் இலை மேடு. வலது பக்கம் மண்டபத்தின் ஜன்னல் கம்பிகளில், என் தலைக்கும் மேலே, வெள்ளம் கொண்டுவந்த வைக்கோலும் பிளாஸ்டிக் பையும் மாட்டிக்கொண்டு தொங்கின. இடது பக்கம், வீடுகள் இருந்த மேட்டில், அடுப்புச் சாம்பல்கூடக் கரையாமல் கிடந்தது.

"அவ வூட்ல நாங்க இல்லமா. அவ வூட்டுக்குப் பக்கத்துல இருந்தோம்" என்று ஆற்றைக் காட்டிச் சொன்னாள் அஞ்சலை. "அவ வூட்டுக்குள்ள பூந்துக்கினு இருக்கறது யாருன்னு அவளே காமிச்சுட்டா. உனுக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சுதான் போட்டே."

நான் அவளோடு மேட்டுக்கு ஏறினேன். அவளுடைய அம்மிக்கல்லைச் சேர்ந்து தேடினேன். கிடைத்தது, இரண்டாக உடைந்து.

மறுநாள் அலுவலகத்தில் குறிப்பு எழுதினேன். இதுவரை நீ கேட்டு வளர்ந்த கதையில் இந்த இடம் உண்மைதான். எழுதியது நான், யாரும் சொல்லி எழுதவில்லை. எல்லை தவறாகக் குறிக்கப்பட்டிருக்கிறது, பழைய கல் கிடைத்திருக்கிறது, மறுபடி அளக்க வேண்டும் என்று எழுதினேன். குறிக்கப்பட்டிருக்கிறது. யாரால் என்று எழுதவில்லை. கோப்பைத் திறந்தவர்கள் முதல் தாளில் எனக்கு முன்னால் இருந்தவரின் கையெழுத்தைப் பார்த்தார்கள். ஓய்வு பெற்ற மனிதர், இனி அவருக்கு என்ன நஷ்டம் என்று அலுவலகத்துக்கும் சௌகரியமாக இருந்தது. அந்தக் கல்லைத் தேடிக் கண்டுபிடித்தவர் அவர். நான் கண்டுபிடித்ததாக எழுதினேன். அவருடைய அளவுகளை அவருடைய நோட்டிலிருந்து எடுத்து என் கையெழுத்தில் எழுதி வைத்தேன். நோட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து பீரோவில் துணிகளுக்கு அடியில் வைத்தேன். என் தப்பை அவருக்குக் கொடுத்துவிட்டு, அவருடைய சரியை நான் எடுத்துக்கொண்டேன். ஆற்றை நகர்த்தியது முதல் தப்பு. இது அதைவிடப் பெரியது, ஏனென்றால் இதைச் செய்தபோது நான் நல்லது செய்துகொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

மற்றதெல்லாம் நல்லபடியாகவே நடந்தது, அதை மறைக்க மாட்டேன். காலனிக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். என் குறிப்பு அவர்களுக்கு உதவியது. மறுபடி அளந்து, மண்டபத்தின் பின்பாதியை இடித்தார்கள். இடது கரை மேட்டுக்குப் பட்டா கொடுத்தார்கள். இருபத்துமூன்றில் பதினொரு குடும்பம் திரும்பி வந்தது. மற்றவர்களில் சிலர் அங்கேயே வேலை தேடிக்கொண்டார்கள், சிலருக்கு மறுபடி கட்டத் தெம்பில்லை. அம்மன் மூன்று மாடி இறங்கி வந்தாள். அடுத்த ஆடியில் கூழ் ஊற்றும்போது என்னையும் கூப்பிட்டார்கள். அஞ்சலை ஊற்றிய கூழை அங்கேயே உட்கார்ந்து குடித்தேன், இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கினேன். எழுந்து கை கழுவும்போது அவள் பக்கத்தில் வந்து, "அளவு சரியாப் போச்சுமா. எம் பொண்ணு ஒரு வருசம் இஸ்கூலுக்குப் போவல. அத்த எதுல அளப்பே?" என்று கேட்டாள். அவள் மன்னித்தாளா என்று நான் கேட்டதில்லை. அது அவள் விருப்பம், நான் கேட்டு வாங்குகிற பொருள் இல்லை.

ஊர் எனக்குப் பொன்னாடை போர்த்தியது. நம் கூடத்தில் மாட்டியிருந்ததே அந்தப் போட்டோ, அதுதான். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அது பிடித்திருந்தது. நீ பள்ளியில் கட்டுரை எழுதினாய், பரிசு வாங்கினாய். அதற்குப் பிறகு உன் கண்ணைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. ஒவ்வொரு வருடமும் கடினமாகிக்கொண்டே போயிற்று.

எனக்கு முன்னால் இருந்த அந்தச் சர்வேயரை அதன்பின் ஒரே ஒரு தடவை பார்த்தேன். பேருந்து நிலையத்தில், கையில் மருந்துப் பையோடு நின்றிருந்தார். நான் பார்க்காத மாதிரி திரும்புவதற்குள் அருகில் வந்துவிட்டார். உன் படிப்பைப் பற்றி விசாரித்தார். கணக்கில் எத்தனை மார்க் என்று கேட்டுச் சந்தோஷப்பட்டார். பஸ் வந்தது. ஏறுவதற்கு முன், "அந்த நோட்டு பத்திரமா இருக்குதாமா?" என்று கேட்டார். இருக்கிறது ஐயா என்றேன். "இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு ஏறிப்போனார். அடுத்த வருடம் காலமானார். சாவுக்கு நான் போகவில்லை.

இப்போது நீ போயிருக்கிற வேலைக்கு வருகிறேன். இரண்டு மூன்று விஷயம் சொல்லத் தகுதி எனக்கு இருக்கிறது. நேர்மையாக இருந்ததால் வந்த தகுதி இல்லை, எங்கே வழுக்கும் என்று தெரிந்ததால் வந்தது. உனக்கு லஞ்சம் கொடுக்க வருகிறவனைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, அவனை நீ அடையாளம் கண்டுகொள்வாய். உன்னிடம் அன்பாகப் பேசி, சிக்கலில்லாமல் முடிக்கச் சொல்கிறவரைத்தான் கவனி. சிக்கல் அப்போது தீர்வதில்லை, வாய் இல்லாதவன் வீட்டுக்குப் போகிறது. ஆற்றைக் காப்பாற்றப் போகிறோம் என்று சொல்லி யாரையாவது முதலில் அப்புறப்படுத்தச் சொன்னால், அவர்கள் குடிசையிலிருந்து ஆரம்பிக்கிறார்களா, சுற்றுச்சுவரிலிருந்து ஆரம்பிக்கிறார்களா என்று பார். குடிசையிலிருந்து என்றால், படத்தை மறுபடி ஒரு தடவை சரிபார்.

ஆற்றைக் கும்பிடு, வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். நானும் கும்பிடுகிறேன். ஆனால் அதற்குக் கரை இரண்டு. பூ போடுகிற கரைக்கு ஒரு தண்ணீர், பூ போட விடாத கரைக்கு ஒரு தண்ணீர் என்று அது ஓடவில்லை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பார்க்கத் தெரியாதவன் அதைத் தாயே என்று கூப்பிட்டால், அது வெறும் சத்தம். தண்ணீர் கொடுத்தால் வாங்கிக் குடி. இதைச் சொல்ல ஒரு கடிதம் வேண்டுமா என்று நினைக்காதே. நான் அந்தச் சொம்பை வாங்கிக் குடித்திருந்தால், மறுநாள் அந்த வீட்டைக் கோட்டுக்குள் போட்டிருப்பேனா என்று எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன்.

தப்பு செய்வாய். செய்தால், செயப்பாட்டு வினையில் எழுதாதே. 'தவறு நேர்ந்துவிட்டது' என்று ஒரு வாக்கியம் அரசாங்கக் கோப்புகளில் ஆயிரம் இடத்தில் இருக்கிறது. அதற்குள் யாரோ ஒருவர் ஒளிந்துகொண்டிருக்கிறார், வெளியே யாரோ ஒருவர் மாட்டிக்கொண்டிருக்கிறார். 'நான் செய்தேன்' என்று எழுத இரண்டு சொல் போதும். எனக்குப் பன்னிரண்டு வருடம் ஆயிற்று. உனக்கு ஒரு நாள் ஆனால் போதும்.

உன் அப்பாவிடம் நேற்றுக் காலையில் சொன்னேன். காபியைக் கையில் வைத்துக்கொண்டு முழுவதும் கேட்டார். இதனால் ஏதாவது விசாரணை வருமா என்று கேட்டார், வரலாம் என்றேன். போட்டோவைக் கழற்ற ஸ்டூல் எடுத்துவந்து போட்டார். சுவரில் அந்த இடம் மட்டும் வெளுப்பாக இருக்கிறது. அடுத்த தடவை நீ வரும்போது பார்ப்பாய்.

பிறகு நோட்டை எடுத்துக்கொண்டு அந்தச் சர்வேயர் வீட்டுக்குப் போனேன். பெரிய காஞ்சிபுரத்தில், தறிச் சத்தம் விடாமல் கேட்கிற ஒரு சந்தில் அவர் மனைவி தனியாக இருக்கிறார். பாவு நூல் சரிபார்க்கிற வேலை செய்துகொண்டிருந்தார். கையை எடுக்காமல் உட்காரச் சொன்னார். உனக்கு எழுதியது அத்தனையையும் அவரிடம் சொன்னேன். தறிச் சத்தத்தில் சில இடங்களை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. அது எனக்குச் சரியான தண்டனைதான். முடித்ததும் அவர் நோட்டை வாங்கி, முதல் பக்கத்தில் இருந்த எழுத்தை விரலால் தடவிப் பார்த்தார். "ஆத்தத் தப்பா அளந்தவருன்னு நாலு பேரு சொன்னாங்கன்னு டீக்கடைக்குப் போறதயே வுட்டுட்டாரு. எங்கிட்டகூட உன் பேர எடுத்ததில்ல" என்றார். அழவில்லை. நான் மன்னிப்பு என்ற சொல்லை எடுத்ததும் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"அதெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம். பேப்பர்ல போடப் போறேன்னு சொல்றியே, உன் பேரு இல்லன்னா போவட்டும். அவரு பேர முழுசாப் போடு. இனிஷியலோட போடு."

சரி என்றேன். ஒரு தாளில் எழுதிக் காட்டச் சொன்னார். எழுதிக் காட்டினேன். எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, சரியாக இருக்கிறது என்று தலையசைத்தார். அவருக்குக் காட்டியபடியே இங்கே எழுதுகிறேன். ஒரு எழுத்தும் மாற்றவில்லை.

கா. மு. தணிகாசலம், சர்வேயர். வேகவதி ஆற்றை இவர் சரியாக அளந்தார்.

அம்மா